வன்னியில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு வீடியோ கோல்: என்ன வாங்குவது, எப்படி ஒழுங்குபடுத்துவது

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள், ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நல்ல போன் ஒன்று கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவர்கள் நிற்கிற நாட்களில் எல்லாம் சரியாக நடக்கும். விமானம் ஏறிக் கொஞ்ச நாளில் போன் அலுமாரிக்குள் போய்விடும். அம்மாவுக்கு விருப்பமில்லை என்றோ விளங்கவில்லை என்றோ நினைக்கக் கூடாது. சார்ஜ் போட வேண்டும், டேட்டா முடிந்தால் ரீலோட் போட வேண்டும், லொக் திறக்க வேண்டும், வட்ஸ்அப் எங்கே என்று தேட வேண்டும், அதற்குள் மகளின் பெயரைத் தேட வேண்டும், பிறகு சரியான பட்டனை அழுத்த வேண்டும். எழுபத்தைந்து வயதில், கண்புரையோடு, கேட்பதற்கு ஆளில்லாத வீட்டில், ஒருவர் இத்தனையையும் ஒவ்வொரு நாளும் செய்வார் என்று எதிர்பார்ப்பதுதான் பிழை.

வேலையை இப்படிப் பிரித்துவிடுங்கள். கோல் பண்ணுவது பிள்ளைகளின் வேலை. வருகிற கோலை ஆன்சர் பண்ணுவது மட்டும் அம்மாவின் வேலை. மற்ற எல்லாம் முன்கூட்டியே செய்து வைக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது பக்கத்தில் இருக்கும் ஒருவரின் பொறுப்பாக இருக்க வேண்டும். எந்தக் கருவி, எந்தச் செயலி என்ற கேள்விகளை இந்தக் கணக்கை வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

முதலில் வீட்டைப் பாருங்கள்

கிளிநொச்சி நகரத்திலும் மாங்குளம் சந்தியிலும் கவரேஜ் நன்றாக இருக்கிறது என்பதற்காக, ஏ9 வீதியிலிருந்து பத்துக் கிலோமீற்றர் உள்ளே இருக்கும் குடியேற்றத்திலும் அப்படியே இருக்கும் என்று நம்பி சிம் வாங்க வேண்டாம். முற்றத்தில் நான்கு கோடு காட்டுகிற போன், கல்வீட்டின் நடு அறையில் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். அயலட்டையில் யார் எந்த சிம் பாவிக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். பிறகு டயலொக், மொபிற்றெல், ஹட்ச் என்று கிடைக்கிற சிம்களை ஒவ்வொன்றாகப் போட்டு, அம்மா இருந்து கதைக்கப்போகும் அதே கதிரையில், கதைக்கப்போகும் அதே நேரத்தில், பத்து நிமிட வீடியோ கோல் ஒன்று போட்டுப் பாருங்கள். கோடுகளின் எண்ணிக்கை ஏமாற்றும். இரவு ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை ஊரே போனில் இருக்கும். கோபுரத்துக்குச் சுமை கூடும். கோடு குறையாமலே படம் உறைந்து நிற்கும். விடிய சோதித்துவிட்டு இரவுக்கும் சரி என்று முடிவெடுக்கக் கூடாது.

வேகம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இறங்கும் வேகத்தை மட்டும் பார்க்கிறார்கள். அம்மாவின் முகம் உங்களுக்குத் தெரிவது அந்த வீட்டிலிருந்து மேலேறும் வேகத்தில் தங்கியிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரு எம்பிபிஎஸ் (செக்கனுக்கு ஒரு மெகாபிட்) அளவு வேகம் நிலையாகக் கிடைத்தால் வட்ஸ்அப் வீடியோவுக்குப் போதும். அது கிடைக்காத வீட்டுக்கு 4ஜி ரவுட்டர் ஒன்று வாங்கி, கோபுரம் இருக்கும் பக்கத்து யன்னலோரமாக, தலைக்கு மேல் உயரத்தில் ஒரு தட்டில் வையுங்கள். மேசைக்குக் கீழேயோ ரிவிக்குப் பின்னாலோ வைத்த ரவுட்டரை யன்னலுக்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியும். வீதியால் பைபர் போகிறது என்றால் யோசிக்காமல் அதையே எடுங்கள்.

அரை மணித்தியால வீடியோ கோல் ஒன்றுக்குச் சாதாரணமாக 150 எம்பியிலிருந்து 300 எம்பிவரை போகும். ஒவ்வொரு நாளும் கதைப்பீர்கள் என்றால் மாதத்துக்கு 5 முதல் 9 ஜிபி. இதற்கு ஏற்ற மாதாந்தப் பொதியைப் போடுங்கள். வட்ஸ்அப்புக்கு மட்டும் என்று விற்கும் மலிவுப் பொதிகளை வாங்குமுன், அதில் கோலும் அடங்குமா, செய்தி மட்டுமா என்று கேளுங்கள். உண்மையில் எவ்வளவு போகிறது என்பதை வட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா' பகுதிக்குள் 'நெட்வேர்க் யூசேஜ்' காட்டும். அதே இடத்தில் 'யூஸ் லெஸ் டேட்டா போர் கோல்ஸ்' என்ற தெரிவும் உண்டு. கவரேஜ் குறைந்த வீட்டில் அதைப் போட்டுவிடுங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் குரல் அறுபடுவது குறையும். வயதானவர்களுக்குக் குரல் அறுபடுவதுதான் பெரிய கரைச்சல்.

ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அங்கே கோடையில் இரவு எட்டு மணி என்றால் இங்கே விடிய ஐந்தரை. இங்குள்ள பல பொதிகளில் நள்ளிரவிலிருந்து விடியும்வரை பாவிக்கத் தனி டேட்டா தருகிறார்கள், அது பெரும்பாலும் பாவிக்கப்படாமலே கழிந்துபோகும். விடிய எழும்பித் தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக் கோல் அந்தக் கணக்கில் போகும், கோபுரத்திலும் நெரிசல் இருக்காது. லண்டனில் இருந்து கதைப்பவர்கள் அங்கத்தைய மத்தியானத்தைத் தெரிவு செய்யட்டும். இங்கே அது கோடையில் பின்னேரம் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. அங்கே பின்னேரம் ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்து எடுத்தால் இங்கே இரவு பத்தரை, பதினொன்றரை ஆகிவிடும், அம்மா படுத்திருப்பா.

மணிக்கூடு மாறுவதையும் மறக்க வேண்டாம். ஐரோப்பாவில் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் கனடாவில் ரொறன்ரோ போன்ற இடங்களில் நவம்பர் முதல் ஞாயிறும் நேரம் பின்னுக்குப் போகும். இலங்கையில் மாறாது. முதல்நாள்வரை ஐந்தரைக்கு வந்த கோல் ஆறரைக்கு வரும். சொல்லாமல் விட்டால் அந்த ஒரு மணித்தியாலமும் அம்மா பயந்துகொண்டு போனுக்கு முன்னால் இருப்பா. முதல்நாளே சொல்லிவிடுங்கள்.

எதை வாங்குவது

பெரும்பாலான வன்னி வீடுகளுக்கு என் தெரிவு இரண்டு பொருள்: பத்து அல்லது பதினொரு அங்குல அன்ட்ரொயிட் டெப் ஒன்று, பட்டன் போன் ஒன்று. டெப் ஓரிடத்தில் ஸ்ராண்டில் நிற்கும், சார்ஜில் இருக்கும், வேறு எதற்கும் பாவிக்கப்படாது. பட்டன் போன் அம்மாவோடு வளவுக்கும் கோயிலுக்கும் போகும்.

டெப்பைச் சொல்வதற்குக் காரணம் படம் பெரிது என்பது மட்டுமல்ல. போனைக் கையில் கொடுத்தால் மணி அடித்தவுடன் அம்மா அதைக் காதில் வைப்பா. வாழ்நாள் முழுக்கப் போன் என்றால் காதில் வைக்கிற பொருள்; அந்தப் பழக்கத்தை மாற்ற முடியாது. உங்களுக்குத் தெரிவது காதும் கூரை ஓடும்தான். "அம்மா, முன்னுக்குப் பிடியுங்கோ" என்று சொல்லிச் சொல்லியே கோலில் பாதி முடியும். ஸ்ராண்டில் நிற்கும் பொருளைத் தூக்கிக் காதில் வைக்க யாருக்கும் தோன்றாது. கை நடுக்கம் இருப்பவர்களுக்கும் இதுதான் நல்லது. பிள்ளைகள் மூன்று நாட்டில் இருந்து ஒன்றாகக் கதைக்கும்போது போன் திரையில் ஒவ்வொரு முகமும் முத்திரை அளவுக்குச் சுருங்கும்; டெப்பில் யார் சிரிக்கிறார்கள் என்று தெரியும்.

எந்த நிறுவனத்துடையது என்பதை வெளிநாட்டுக் கடையில் நின்று தீர்மானிக்க வேண்டாம். திரை உடைந்தால் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ மாற்றக்கூடிய வகையாக இருக்க வேண்டும். சம்சுங்கின் சாதாரண வகைகளுக்கும் ரெட்மிக்கும் உதிரிப்பாகம் கிடைப்பது லேசு. நீங்கள் பாவித்துக் கழித்த பழைய போனைக் கொண்டுவருவதானால் வட்ஸ்அப் அதில் ஓடுமா என்று பாருங்கள். 2025 தொடக்கத்திலிருந்து அன்ட்ரொயிட் 5.0க்குக் கீழும், 2025 மே மாதத்திலிருந்து ஐஓஎஸ் 15.1க்குக் கீழும் அது ஓடாது. சிம் போடும் கருவி என்றால் *#06# அழுத்தி, அந்தக் கருவியின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எடுங்கள். ஐஎம்இஐ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த கருவியா என்று பதில் வரும். சார்ஜரை இங்கே வாங்குங்கள். கனடாத் தட்டை முள் சார்ஜரை அடப்டரில் செருகிச் சுவரில் குத்தினால் பாரத்தில் தொங்கித் தொங்கி இளகும். சார்ஜ் ஏறுகிறதாகக் காட்டிவிட்டு இரவிலே நின்றுவிடும். பழைய வீடுகளில் வட்ட முள் பிளக், புதியவற்றில் சதுர முள்; எது என்று பார்த்து அதற்கே வாங்குங்கள்.

அமேசான் எக்கோ ஷோ போன்ற, குரலால் இயக்கும் மேசைக் கருவிகளை வெளிநாட்டில் முதியோருக்குப் பரிந்துரைக்கிறார்கள். 'ட்ரொப் இன்' என்ற வசதியால் அங்குள்ளவர் எதையும் தொடாமலே கதைக்கலாம் என்பது உண்மை. ஆனால் அதற்குத் தமிழ் விளங்காது. உள்ளே பற்றரி இல்லாததால் கரண்ட் போன கணமே அணைந்துவிடும். பழுதானால் இங்கே பார்க்க ஆள் இல்லை. வன்னிக்கு அதைக் கொண்டுவருவதை நான் ஆதரிக்க மாட்டேன். பழைய வழிகாட்டிகளில் ஸ்கைப்பின் தானியங்கி ஆன்சரைப் புகழ்ந்திருப்பார்கள். ஸ்கைப் 2025 மே 5ஆம் திகதியோடு மூடப்பட்டுவிட்டது. மெற்றாவின் போர்ட்டல் என்ற வீடியோ கோல் கருவியைத் தனியாருக்கு விற்பதையும் 2022இலேயே நிறுத்திவிட்டார்கள், பாவித்ததாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

விரல் மடங்காதவர், பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர், படுக்கையில் இருப்பவர் ஆகியோருக்கு ஐபேட் பொருந்தும். அதில் செட்டிங்ஸ், அக்ஸஸிபிலிற்றி, டச், 'கோல் ஓடியோ ரவுட்டிங்' என்று போனால் 'ஓட்டோ ஆன்சர் கோல்ஸ்' வரும். எத்தனை செக்கனில் திறக்க வேண்டும் என்றும் குறிக்கலாம். அப்பிளின் வீடியோ கோல் செயலியான பேஸ்டைமில் வரும் கோல் தானாகத் திறக்கும். கோல் பண்ணுபவரிடமும் ஐபோன், ஐபேட் போன்ற அப்பிள் கருவி இருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் இந்த வசதி இல்லை. இருப்பதாகச் சொல்லும் வெளிச் செயலிகள் திரையில் உள்ள எல்லாவற்றையும் படிக்கும் அனுமதி கேட்கும், வட்ஸ்அப் புதுப்பிக்கும்போது நின்றும் போகும், போட வேண்டாம். தானாகத் திறக்கிற கருவியை அம்மாவின் சம்மதம் கேட்காமல் வைக்கவே கூடாது. உடுப்பு மாற்றுகிற அறை, படுக்கிற அறை அவவுடையது. எந்த மூலையில் வைக்கலாம், எந்த நேரத்தில் திறக்கலாம் என்று அவவே சொல்லட்டும்.

கணக்கும் சிம்மும்

செயலி வட்ஸ்அப்பாகவே இருக்கட்டும். வைபரிலேயே குடும்பம் முழுக்க இருந்தால் அதுவும் சரி, ஆனால் இரண்டும் வேண்டாம்; ஒரு வீட்டுக்கு ஒரு செயலி.

சிம்மை அம்மாவின் அடையாள அட்டையில் எடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனின் பெயரிலோ உறவுக்காரப் பெடியனின் பெயரிலோ எடுத்தால், சிம் பழுதாகி மாற்றப் போகும் நாளில் அவரே கவுண்டருக்கு வர வேண்டியிருக்கும். பட்டன் போனில் இருக்கும் அதே இலக்கத்தில் டெப்பின் வட்ஸ்அப்பைப் பதியலாம். ஆறு இலக்கக் குறியீடு பட்டன் போனுக்கு எஸ்எம்எஸ்ஸாக வரும், அதை டெப்பில் அடித்தால் முடிந்தது. டெப்பில் முதன்முறை திறக்கும்போது வேறொரு போனோடு இணைக்கும்படி கியூஆர் குறியீடு காட்டும். அந்த வழியில் போகாமல், மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டுப் புதிய கணக்காகப் பதியுங்கள். இணைத்த கருவி என்றால் முதன்மைப் போன் 14 நாள் இணையத்துக்கு வராதபோது தானாக வெளியேறிவிடும். பக்கத்து வீட்டுத் தம்பியின் போனோடு இணைத்துவிட்டுப் போன டெப்கள் ஒரு நாள் திடீரென்று ஊமையாவதற்குக் காரணம் இதுதான்.

வட்ஸ்அப்பில் 'டூ ஸ்டெப் வெரிபிகேஷன்' என்ற இரண்டாவது பூட்டைப் போட்டு, அதன் இரகசிய இலக்கத்தையும் (PIN) மின்னஞ்சலையும் பிள்ளை ஒருவர் வைத்திருக்க வேண்டும். கூகுள் கணக்கின் கடவுச்சொல்லும் அப்படியே. கடையில் யாராவது டெப்பை முழுதாக அழித்துவிட்டால் பழைய கூகுள் கணக்கைக் கேட்கும், தெரியாவிட்டால் திறக்க முடியாது. சிம்முக்கு ஒழுங்காக ரீலோட் போடுங்கள். நீண்ட காலம் ரீலோட் இல்லாத இலக்கம் துண்டிக்கப்பட்டு வேறொருவருக்குப் போகலாம். வட்ஸ்அப் கணக்கும் 120 நாள் பாவிக்காமல் கிடந்தால் அழிக்கப்படும்.

மணி அடிக்காத டெப்

'கோல் போகுது, அம்மா எடுக்கிறா இல்லை' என்ற முறைப்பாட்டில் பாதிக்கு மேல் அம்மாவின் பிழை அல்ல. கருவி மணியே அடித்திருக்காது. பல அன்ட்ரொயிட் கருவிகள் பற்றரியைச் சேமிக்க, சில மணித்தியாலம் தொடாத செயலிகளை உறங்கவைத்துவிடும். அம்மா திரையைத் தொட்ட பிறகுதான் ஐந்து மிஸ்ட் கோல் ஒன்றாக வந்து விழும். செட்டிங்ஸில் அப்ஸ், வட்ஸ்அப், பற்றரி என்று போய் 'அன்ரிஸ்ட்ரிக்டட்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். ரெட்மியில் 'ஓட்டோஸ்டார்ட்' என்பதையும் போட வேண்டும். கூடவே 'ஷோ ஒன் லொக் ஸ்கிரீன்' அனுமதியையும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் வரும், திரை கறுப்பாகவே இருக்கும். செய்து முடித்ததும் உடனே சோதிக்காதீர்கள். திரையை அணைத்து இரவு முழுக்க விட்டுவிட்டு, விடிய கோல் பண்ணிப் பாருங்கள். அதுதான் சோதனை.

வயதால் காது கேட்பது குறையும்போது, கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். கருவியோடு வரும் மணிகள் பெரும்பாலும் அந்த வகை. தவில் அடி, கனத்த குரல் போன்ற தாழ்ந்த ஒலியை மணியாக வையுங்கள். மகனின் குரலிலேயே "அம்மா, நான் கதைக்கிறன்" என்று பதிந்து வைக்கலாம். வட்ஸ்அப்பில் ஒவ்வொரு ஆளுக்கும் தனி மணி வைக்க முடியும், அதனால் மூத்தவர் யார் இளையவர் யார் என்று குசினியில் நின்றே தெரியும். சத்தத்தை உச்சத்தில் வைத்துவிட்டு, பக்கவாட்டுப் பட்டனில் கை படாதபடி டெப்பை ஸ்ராண்டில் நிறுத்துங்கள். தூசி துடைக்கும்போது சத்தம் குறைந்து பூச்சியமாவது அடிக்கடி நடக்கும்.

மணி அடிக்கும்போது திரையில் வருவது, கோல் பண்ணுபவர் தன் வட்ஸ்அப்பில் வைத்திருக்கும் படம். நீங்கள் அங்கே பூவையோ பிள்ளையாரையோ குழந்தையின் கால் பாதத்தையோ வைத்திருந்தால் அம்மா யாரென்று அறிய மாட்டா. உங்கள் முகம் மட்டும் நிறைந்த படத்தை வையுங்கள். படத்தைத் தொடர்புகளுக்கு மட்டும் காட்டும்படி வைத்திருந்தால், அம்மாவின் இலக்கத்தை உங்கள் போனில் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாம்பல் நிற உருவம்தான் அவவுக்குத் தெரியும்.

ஆன்சர் பண்ணுவதிலும் ஒரு சிக்கல். திரை அணைந்திருக்கும்போது கோல் வந்தால் முழுத் திரையும் நிறைந்து, மேல்நோக்கி இழுக்கச் சொல்லும். திரை திறந்திருக்கும்போது வந்தால் மேலே சிறிய பட்டையாக இரண்டு பட்டனோடு வரும். பதிப்புக்கு ஏற்ப இது மாறுவதும் உண்டு. ஒன்றைப் பழகியவருக்கு மற்றது வந்தால் கை நின்றுவிடும். டெப் எப்போதும் அணைந்த நிலையில் இருந்து மணி அடிக்கும்படி, திரை அணையும் நேரத்தை 30 செக்கனுக்குக் குறையுங்கள். அப்போது எப்போதும் ஒரே காட்சிதான் வரும். வேறு எதற்கும் டெப்பைக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னதற்கும் இதுவே காரணம்.

வயலிலும் அடுப்படியிலும் வாழ்நாள் முழுக்க வேலை செய்த விரல் நுனி காய்ந்து தடித்திருக்கும். தொடுதிரை அதை உணராது. தடித்த பாதுகாப்புக் கண்ணாடியும் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம், அதைக் கழற்றுங்கள். சம்சுங்கில் 'டச் சென்சிற்றிவிற்றி' என்று ஒரு தெரிவு உண்டு, அதைப் போடுங்கள். நுனியால் குத்தாமல் விரலின் தசைப்பக்கத்தால் தொடச் சொல்லுங்கள். வயதானவர்கள் பட்டனை அழுத்தினால் அழுத்தியபடியே நிற்பார்கள். கருவி அதை வேறு கட்டளையாக எடுத்து ஏதோ ஒரு பட்டியலைத் திறக்கும். அக்ஸஸிபிலிற்றியில் 'டச் அன்ட் ஹோல்ட் டிலே' என்பதை 'லோங்' ஆக்கினால் இது பெரும்பாலும் நிற்கும். கை நடுங்குபவருக்கு 'இக்னோர் ரிப்பீட்டட் டச்சஸ்' உதவும்.

எழுத்தளவை உச்சத்துக்கு ஏற்றாதீர்கள். சில திரைகளில் பட்டன்களே வெளியே தள்ளுப்படும். ஒன்றிரண்டு படி கூட்டினால் போதும். திரை லொக்கை எடுத்துவிடுங்கள். குடும்பக் குழுக்களிலிருந்து அம்மாவை விலக்கி, படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்துங்கள். விடியக்காலைப் பூப்படங்களும் பக்திக் காணொளிகளும் நிறைந்து இடம் முடிந்தால் வட்ஸ்அப் நின்றுவிடும். பிரைவசி பகுதியில் 'சைலன்ஸ் அன்னோன் கோலர்ஸ்' போட்டால் தெரியாதவர்களின் கோல் மணி அடிக்காது. பரிசு விழுந்திருக்கு, ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கோ என்று வருகிற ஆட்களை அது பெருமளவு தடுக்கும்.

அம்மாவே கோல் பண்ண விரும்பினால், முகப்புத் திரையில் பிள்ளைகளின் குறுக்குவழிகளை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். ஆனால் வட்ஸ்அப்பில் வைக்கும் குறுக்குவழி அந்த ஆளின் செய்திப் பக்கத்தைத்தான் திறக்கும், கோலை அல்ல. மேலே உள்ள கமராப் படத்தை இன்னொரு முறை தொட வேண்டும். அது கடினமென்றால் பட்டன் போனில் ஒரு மிஸ்ட் கோல் கொடுக்கப் பழக்குங்கள். நீங்கள் வீடியோவில் திருப்பி எடுப்பீர்கள்.

வைக்கும் இடமும் கரண்டும்

டெப்பை, அம்மா வழமையாக இருக்கும் கதிரையிலிருந்து கை எட்டும் தூரத்தில், கண்மட்டத்தில் வையுங்கள். வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருந்து வர வேண்டும். முதுகுக்குப் பின்னால் யன்னல் இருந்தால் உங்களுக்குக் கறுப்பு உருவம்தான் தெரியும். தகரக் கூரை வீட்டில் மாரி மழை அடிக்கும்போது ஒன்றும் கேட்காது. அந்த மாதங்களுக்கு உள் அறையில் இன்னொரு இடத்தையும் பார்த்து வையுங்கள். கோடையில் அதே தகரத்துக்குக் கீழ் டெப் சூடேறித் தானாக அணையும்.

எப்போதும் சார்ஜில் இருக்கும் டெப்பின் பற்றரி, வன்னி வெயிலில் ஊதும். 80 அல்லது 85 வீதத்தோடு சார்ஜை நிறுத்தும் பாதுகாப்புத் தெரிவு செட்டிங்ஸில் இருந்தால் கட்டாயம் போடுங்கள். திரை சட்டத்திலிருந்து மேலெழும்பி நிற்கக் கண்டால் உடனே கழற்றி வெளியில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். வயரை எலி கடிக்கும், மாற்று வயர் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

கரண்ட் போனால் டெப் ஓடும், ரவுட்டர் அணையும். ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய யூபிஎஸ் ஒன்றைப் போட்டால் சில மணித்தியாலம் தாங்கும். ரவுட்டரின் அடியில் 12 வோல்ற்றா 9 வோல்ற்றா என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதற்குப் பொருந்தும் வாயிலில் குத்துங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னலுக்கு எல்லோரும் பிளக்கைக் கழற்றுவார்கள். கழற்றத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ரவுட்டர் எரியும். ஆனால் கழற்றியதை மறுநாள் திருப்பிக் குத்த மறப்பதால்தான் மழைக்காலத்தில் வீடுகள் தொடர்பில்லாமல் போகின்றன. "இடி நின்றதும் திரும்பக் குத்தவும்" என்று பெரிய எழுத்தில் எழுதிப் பிளக்குக்கு மேலே ஒட்டுங்கள்.

பழக்குவதும் பக்கத்து வீடும்

இரண்டு செயல் மட்டும் பழக்குங்கள்: ஆன்சர் பண்ணுவது, வைப்பது. அம்மா பழகும்போது உங்கள் கை குறுக்கே போகக் கூடாது. வீதிக்குப் போய் நின்று கோல் பண்ணுங்கள். அவ தனியாக எடுக்கட்டும். அடுத்த நாளும், இரண்டு நாள் விட்டும் செய்யுங்கள். ஒரே நாளில் இருபது முறை செய்வதில் பயனில்லை.

முழங்கால் நோவோடு வளவிலிருந்து ஓடிவந்து விழுவது உண்மையான ஆபத்து. வட்ஸ்அப் மணி ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். ஆகவே முதலில் பட்டன் போனுக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வீடியோவில் எடுங்கள். அவ ஆறுதலாக வந்து இருக்க நேரம் கிடைக்கும். சகோதரர்கள் சேர்ந்து கதைப்பதானால் ஒருவர் தனியாக எடுத்து, அம்மா வந்த பிறகு மற்றவர்களைச் சேர்க்கட்டும்.

பக்கத்து வீட்டில் ஏஎல் படிக்கிற பிள்ளை ஒருவரிடம் இதை ஒப்படையுங்கள். மாதத்துக்கு ஒரு முறை வந்து திரையைத் துடைத்து, புதுப்பிப்புப் போட்டு, சத்த அளவையும் மிஞ்சிய டேட்டாவையும் பார்த்து, ஒரு கோல் போட்டுச் சோதிக்க வேண்டும். ஏதாவது குழம்பினால் வட்ஸ்அப் வீடியோவிலேயே திரையைப் பகிரலாம். அந்தப் பிள்ளை பகிர, நீங்கள் அங்கிருந்து வழிசொல்லலாம். அவருக்கும் மாதாமாதம் ஒரு ரீலோட் போட்டுவிடுங்கள். சும்மா செய்யச் சொல்லிக் கேட்பது சரியில்லை.

கோல் எடுபடாத நாளுக்கும் ஒழுங்கு வேண்டும். முதலில் பட்டன் போன். அரை மணித்தியாலம் கழித்து மறுபடியும். பிறகு பக்கத்து வீடு. வெளிநாட்டிலிருந்து 1990ஐ அழுத்தினால் சுவசெரிய அம்புலன்ஸ் கிடைக்காது, இங்கே நிற்பவர்தான் அழைக்க வேண்டும். அது இலவசச் சேவை என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். காசுக்குப் பயந்து ஓட்டோ தேடி நேரம் போக்கக் கூடாது. வீட்டுக்கு வரும் வழி, சந்தியிலிருந்து எத்தனையாவது ஒழுங்கை, அம்மா போடும் மருந்துகளின் பெயர், கிளினிக் கொப்பி எங்கே இருக்கிறது என்பனவற்றை ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியை டெப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள், மற்றதைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். மருந்து மாறும்போது இரண்டு தாளையும் மாற்ற வேண்டும்.